ரவுட்டரும் ஸ்மார்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் இணைப்பு வந்த வீடுகளில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் பெட்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஃபைபர் கேபிள் வந்து சேரும் ஓஎன்டி, ரவுட்டர், செட்-டாப் பாக்ஸ், சிசிடிவி ரெக்கார்டர், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடாப்டர். எல்லாவற்றையும் செல்போன் ஆப் மூலம் போட்டு அணைக்கக்கூடிய ஸ்மார்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். சில சாதனங்களுக்கு அது சரிதான். ரவுட்டருக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது.

ரவுட்டரை ஸ்மார்ட் பாக்ஸில் செருகலாமா, கூடாதா?

மின்சாரத்தைப் பொறுத்தவரை தாராளமாகச் செருகலாம். சாதாரண ரவுட்டர் 5 முதல் 15 வாட் வரைதான் இழுக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆப்பிலிருந்து பாக்ஸுக்குக் கட்டளை போவதே அந்த ரவுட்டரின் வைஃபை வழியாகத்தான். ஆப்பில் 'ஆஃப்' தட்டியதும் ரவுட்டர் அணையும், பாக்ஸுக்குப் போகிற வழியும் அதோடு அடைபட்டுவிடும். திரும்ப 'ஆன்' தட்டினால் சாதனம் ஆஃப்லைனில் இருக்கிறது என்று ஆப் கைவிரிக்கும். நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுகிற கதை.

பக்கத்தில் ஆள் இருந்தால் பாக்ஸில் உள்ள பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அணைத்திருந்தால், வீட்டில் யாராவது போய் அழுத்தும்வரை இணையம் இல்லை.

ஆகவே ரவுட்டரையும் ஓஎன்டியையும் சுவரிலுள்ள ப்ளக் பாயின்ட்டிலோ, பாக்ஸில் ஆப்புக்குக் கட்டுப்படாத சாக்கெட் இருந்தால் அதிலோ செருகுங்கள். ஸ்மார்ட் சாக்கெட்டுகளை மற்ற சாதனங்களுக்கு வையுங்கள். ஆப்பில் அணைத்து ஏற்றும் வசதி ரவுட்டருக்கும் வேண்டும் என்றால், அணைந்த பாக்ஸ் யாரையும் கேட்காமல் தானே திரும்ப ஏற்றிக்கொள்ளும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். அது அடுத்த கேள்வி.

ரவுட்டர் ஹேங் ஆகி நின்றால் தானாக அணைத்து ஏற்ற வழி உண்டா?

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பாக்ஸுக்குள்ளேயே ஓடும் டைமர். பல ஆப்களில் சாதனத்தின் பக்கத்திலேயே 'கவுன்ட்டவுன்' அல்லது 'இன்ச்சிங்' என்று ஒரு வசதி இருக்கும். அணைத்த பிறகு இத்தனை விநாடியில் தானே ஏறு என்று அதில் சொல்லி வைக்கலாம். அந்தக் கணக்கு பாக்ஸின் சிப்பில் ஓடினால் இணையம் இல்லாவிட்டாலும் நடக்கும். ஆப்பின் 'ஆட்டோமேஷன்' பகுதியில் எழுதும் விதிகள் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வரில் ஓடுபவை. 'காலை 4 மணிக்கு அணை, 4:02-க்கு ஏற்று' என்று அங்கே எழுதினால் முதல் பாதி நடக்கும். இரண்டாம் பாதிக்கான கட்டளை வந்து சேர வீட்டில் இணையமே இருக்காது.

உங்கள் பாக்ஸ் எந்த ரகம் என்று சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். ரவுட்டரைச் சுவர் பாயின்ட்டுக்கு மாற்றிவிட்டு, அந்த ஸ்மார்ட் சாக்கெட்டில் ஒரு நைட் லாம்ப்பைச் செருகுங்கள். லாம்ப் அணைந்து ஏறும்படி டைமர் வையுங்கள். லாம்ப் அணைந்த உடனே ரவுட்டரைக் கையால் அணைத்துவிடுங்கள். நேரம் வந்ததும் லாம்ப் எரிந்தால் டைமர் பாக்ஸுக்குள் ஓடுகிறது. எரியாவிட்டால் அதை நம்பி ரவுட்டரை ஒப்படைக்காதீர்கள்.

இரண்டாவது, வைஃபை இல்லாத வழியில் கட்டளை அனுப்புவது. வீட்டில் ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியில், ஸ்மார்ட் சாதனங்களை வீட்டிலிருந்தே இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளை ஓட்டுபவர்கள், ஜிக்பீ என்ற தனி ரேடியோ முறையில் பேசும் ப்ளக் ஒன்றை ரவுட்டருக்கு வைக்கலாம். கணினியில் செருகிய ஜிக்பீ ஸ்டிக் நேரடியாக ப்ளக்கோடு பேசும், ரவுட்டர் செத்தாலும் கட்டளை போகும். இணையத்தில் குறிப்பிட்ட ஒரு முகவரிக்குப் பிங் (பதில் கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பிப் பார்த்து, ஐந்து நிமிடம் பதிலே இல்லை என்றால் அணைத்து ஏற்று என்று விதி எழுதலாம். விதியில் ஓர் உச்சவரம்பும் வையுங்கள். தெருவில் ஃபைபர் அறுந்து கிடக்கும் நாளில் உங்கள் ரவுட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாவது, ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் 'ஷெட்யூல்டு ரீபூட்', அதாவது குறித்த நேரத்தில் தானே ரீஸ்டார்ட் ஆகும் வசதி. பல ரவுட்டர்களின் செட்டிங்ஸில் இது இருக்கிறது. செலவில்லாத வழி, பலரும் பார்க்காமலே பாக்ஸ் வாங்கிவிடுகிறார்கள்.

வாராவாரம் ரீஸ்டார்ட் செய்வது நல்லதுதானே?

நல்ல நிலையில் உள்ள ரவுட்டருக்கு அது தேவையே இல்லை. அடிக்கடி அணைத்துப் போட்டால்தான் ஓடுகிறது என்றால் ஏதோ கோளாறு, ரீஸ்டார்ட் அதை மூடி மறைக்கிறது.

முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். 12 வோல்ட் அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் இரண்டு மூன்று கோடையில் காய்ந்துபோகும். மீட்டரை வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும்போது சுமை ஏறி வோல்டேஜ் சரியும், ரவுட்டர் அணைந்து ஏறும். சாயங்காலம் மட்டும் தொந்தரவு என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ள வேறொரு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவா என்பதையும் லேபிளில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்தேகம் சூடு. கதவு போட்ட டிவி அலமாரிக்குள், செட்-டாப் பாக்ஸின் தலைமேல் ரவுட்டரை வைத்திருந்தால் அதை வெளியே எடுத்து வைத்தாலே பாதி பிரச்சினை தீரும்.

அணைத்தால் எத்தனை நேரம் விட்டு ஏற்ற வேண்டும்?

அரை நிமிடம். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய அது போதும்.

ஏற்றிய பிறகு பொறுமை வேண்டும். ஓஎன்டியில் பவர் விளக்கு உடனே வரும், பிஓஎன் என்று போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். எதிர்முனையோடு பேசிப் பதிவாகி முடிந்ததும்தான் அது நிலையாக எரியும். அதற்குப் பின்தான் இணைய விளக்கு. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். சிமிட்டுகிறதே என்று நடுவில் மறுபடி அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிளில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். ஸ்மார்ட் பாக்ஸ் அதற்கு ஒன்றும் செய்யாது. சோபாவை நகர்த்தியதில் கேபிள் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போடுங்கள்.

கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் அணைந்தே கிடக்கிறது. ஏன்?

பாக்ஸின் செட்டிங்ஸில் 'பவர்-ஆன் நிலை' என்று ஒன்று இருக்கும். கரண்ட் திரும்பி வந்ததும் சாக்கெட்டுகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஏறு, அணைந்தே இரு, முன்பு இருந்தபடி இரு என்று மூன்று தேர்வுகள். சில பாக்ஸ்கள் 'அணைந்தே இரு' என்ற நிலையில்தான் கடையிலிருந்து வருகின்றன. இஸ்திரிப் பெட்டிக்கு அது பாதுகாப்பு, ரவுட்டருக்கு அது இம்சை.

நெட்வொர்க் சாதனங்கள் உள்ள சாக்கெட்டுக்கு 'ஏறு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'முன்பு இருந்தபடி' என்பதும் போதும் என்று தோன்றும். ஆனால் ரீஸ்டார்ட்டுக்காக அணைந்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் கரண்ட் போனால், திரும்பி வரும்போது அணைந்த நிலையிலேயே நிற்கும். நடக்காது என்று சொல்ல முடியாது, நம் ஊர் கரண்ட் அப்படி.

மினி யூபிஎஸ் வைத்திருக்கிறேன். ஸ்மார்ட் ப்ளக்கும் சேர்த்துப் போடலாமா?

போடலாம், ஆனால் எதற்குப் பின்னால் எது என்று கவனியுங்கள். ப்ளக்கில் அடாப்டர், அடாப்டரிலிருந்து மினி யூபிஎஸ், அதிலிருந்து ரவுட்டர் என்பதுதான் வழக்கமான வரிசை. இதில் ஆப் மூலம் ப்ளக்கை அணைத்தால் ரவுட்டர் அசைந்துகூடக் கொடுக்காது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து யூபிஎஸ் பேட்டரியிலிருந்து ஊட்டும். அணைத்து ஏற்றினோமே, ஏன் சரியாகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பலருக்கு விடை இதுதான். மினி யூபிஎஸ் இருக்கும் வீட்டில் ரவுட்டரின் சொந்த ரீபூட் வசதியை நம்புங்கள். ஸ்மார்ட் ப்ளக் வேறு எங்காவது பயன்படட்டும்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் மினி யூபிஎஸ்ஸை வாங்கச் சொல்வேன். கரண்ட் கட்டில் இணையம் தங்குவது தினசரி லாபம். வோல்ட் மட்டும் பொருந்த வேண்டும். பெரும்பாலான ஓஎன்டிகள் 12 வோல்ட், ஆனால் சில ரவுட்டர்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை.

வீட்டு இன்வெர்ட்டரில் இருந்தால்? கரண்ட் போகும் நொடியில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்னால் 'யூபிஎஸ் மோட்' சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும்.

ராத்திரி முழுக்க அணைத்து வைத்தால் கரண்ட் பில் குறையுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 வாட் ரவுட்டரை ராத்திரி 8 மணி நேரம் அணைத்தால் இரண்டு மாத பில்லில் மிச்சமாவது 4.8 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 29 ரூபாய். பாக்ஸ் தானே 1 வாட் போல இழுத்துக்கொண்டிருக்கும், அது இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். மிச்சத்தில் பாக்ஸ் தின்றது போக நிற்பது ஒரு வேளை டிபனுக்குக்கூட ஆகாது. இலவச யூனிட்டுகளுக்குள் அடங்கும் சின்ன வீடுகளில் அதுவும் இல்லை.

உண்மையில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் செட்-டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தாலும் பல செட்-டாப் பாக்ஸ்கள் முன்பு இழுத்ததில் பெரும்பகுதியை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சவுண்ட் பார், மானிட்டர், பிரின்டர் எல்லாம் அடுத்த வரிசை. இவற்றை ஸ்மார்ட் சாக்கெட்டில் செருகி இரவில் மொத்தமாக அணைத்தால் அர்த்தம் உண்டு.

ரவுட்டரை அணைப்பதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஃபைபர் இணைப்போடு லேண்ட்லைன் போனும் வாங்கியிருந்தால் அது ஓஎன்டியிலிருந்துதான் ஓடுகிறது. ஓஎன்டி அணைந்தால் போனும் செத்துப்போகும். வயதானவர்கள் உள்ள வீட்டில் நடுராத்திரி 108-க்கு அழைக்க அந்த போன்தான் கைக்கு எட்டும் என்றால், ஓஎன்டி பக்கமே போகாதீர்கள்.

பிள்ளைகள் ராத்திரி செல்போன் பார்ப்பதை நிறுத்த இது உதவுமா?

ரவுட்டரின் செட்டிங்ஸில் குறிப்பிட்ட சாதனங்களுக்கு மட்டும் நேரம் வைக்கலாம். கரண்ட்டைப் பிடுங்குவதைவிட அது மேல், அப்பாவின் ஆபீஸ் கால் நடுவில் அறுபடாது. மொபைல் டேட்டா இருக்கும் பிள்ளைக்கு இரண்டுமே தடையில்லை என்பது வேறு விஷயம்.

சிசிடிவி ரெக்கார்டரை ஸ்மார்ட் சாக்கெட்டில் போடலாமா?

வேண்டாம். உள்ளே ஹார்டு டிஸ்க் ராப்பகலாக எழுதிக்கொண்டிருக்கிறது. எழுதும்போது கரண்ட்டைப் பிடுங்கினால் பதிவு கெடலாம், டிஸ்க்கும் சீக்கிரம் போகலாம். வீட்டு பேக்கப்புக்கு என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் இணைந்த ஹார்டு டிஸ்க் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்.

பாக்ஸ் வைஃபையில் சேர மாட்டேன் என்கிறதே?

பத்தில் எட்டு தடவை காரணம் ஒன்றுதான். இந்தப் பாக்ஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் பேசுபவை. உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால் செல்போன் 5-இல் போய் உட்கார்ந்துவிடும், சில பாக்ஸ்களின் ஆப் இதில் குழம்பும். ரவுட்டர் செட்டிங்ஸில் 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு இணையுங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பழைய பாக்ஸ் சேராது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

இணையம் போனால் வீட்டுக்குள் இருந்துகொண்டும் ஆப் வேலை செய்யவில்லை. வைஃபை இருக்கிறதே?

போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்றதும் பல போன்கள் தாமாகவே தாவிவிடும். அப்போது கட்டளை வெளியுலகம் சுற்றி வர வேண்டும், வீட்டுக்குள் நுழைய வழி இல்லை. டேட்டாவை அணைத்து வைஃபையில் மட்டும் இருந்தால் சில ஆப்கள் பாக்ஸோடு நேரடியாகப் பேசிவிடும்.

சில ஆப்கள் எப்போதும் நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுத்தான் நகரும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் விற்ற இன்ஸ்டியான் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. அதை நம்பியிருந்த வீடுகளில் ஆப்பும் தொலைவுக் கட்டுப்பாடும் முடங்கிப்போயின. ஸ்மார்ட் சாதனங்கள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள உதவும் மேட்டர் என்ற பொதுத் தரம் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. மேட்டர் முத்திரை உள்ள பாக்ஸுக்கு அந்த வகையில் கூடுதல் மதிப்பு உண்டு. ஆனாலும் வைஃபையில் ஓடும் மேட்டர் பாக்ஸுக்கும் ரவுட்டர் உயிரோடு இருந்தாக வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிறேன். ஊரில் அப்பா அம்மா வீட்டு ரவுட்டரை இங்கிருந்து ரீஸ்டார்ட் செய்யலாமா?

இணைப்பு மந்தமாக ஓடிக்கொண்டிருக்கும்போது முடியும், முன்னே சொன்ன பாக்ஸுக்குள் ஓடும் டைமர் இருந்தால். இணைப்பு முழுதாகச் செத்திருந்தால் உங்கள் கட்டளை போய்ச் சேராது. உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த நேரம்தான். பட்டனில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "நெட் வரலைன்னா இதை ஒரு தடவை அமுக்கி, முப்பது எண்ணி, மறுபடி அமுக்குங்கப்பா" என்று சொல்லி வைப்பதற்கு இணையான தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை.

இதன் வழியாக யாராவது வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய முடியுமா?

முடியாது என்று சொல்வதற்கில்லை. 2016-இல் மிராய் என்ற வைரஸ், கடையில் வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரவுட்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் அந்த அக்டோபரில் அவற்றை ஏவியபோது ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பல மணி நேரம் தடுமாறின.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) போட்டு ஸ்மார்ட் சாதனங்களை அதில் தள்ளுங்கள், லேப்டாப்பும் போனும் முதன்மை நெட்வொர்க்கில் இருக்கட்டும். ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பாக்ஸுக்கு அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

இடி மின்னலுக்கு பாக்ஸை ஆப்பில் அணைத்தால் போதுமா?

போதாது. மலிவான பாக்ஸ்களில் உள்ளேயிருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், மற்றது தொட்டுக்கொண்டேதான் இருக்கும். அதுவும் துண்டிக்கிற இடைவெளி மயிரிழை. மின்னல் தூண்டும் பாய்ச்சலுக்கு அது ஒரு தாண்டு. சுவரில் ஃபேஸும் நியூட்ரலும் மாறி இணைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பாக்ஸ் துண்டிப்பது நியூட்ரலை, அணைந்த சாக்கெட்டில் ஃபேஸ் அப்படியே நிற்கும்.

பெட்டியில் 'சர்ஜ் புரொடக்ஷன்' என்று போட்டிருந்தாலும் எர்த் சரியாக இருந்தால்தான் அது முழு வேலை செய்யும். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் கம்பி எங்கேயும் போகாமல் சுவருக்குள் நின்றிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சித்திரைக் கோடை மழையிலும் இடி நெருங்கும் முன்பே பாக்ஸின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவதுதான் வழி. மொட்டை மாடி கேமராவிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள், ரவுட்டர்கள் கருகுவது பல சமயம் அந்த வழியாகத்தான். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சில கேபிள்களில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி ஒன்று கூடவே ஓடும்.

யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே ரவுட்டரை ஓட்டலாமா?

5 வோல்ட்டை 12 ஆக்கும் கேபிள் கடைகளில் கிடைக்கிறது. 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றால் 12 வாட். அதை 5 வோல்ட்டிலிருந்து எடுக்க 2.4 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பாக்ஸின் யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் அவ்வளவுதான் தரும். பக்கத்துப் போர்ட்டில் போனைச் சார்ஜ் போட்டதும் ரவுட்டர் தள்ளாடும். வேண்டாம்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு சாக்கெட்டும் தனித்தனியாக ஆப்பில் வருகிறதா என்று பாருங்கள். சிலவற்றில் மொத்தமாக ஒரே சுவிட்ச்தான். சாக்கெட்டுகளுக்கு நடுவே இடம் இருக்க வேண்டும், ரவுட்டர் அடாப்டர் ஒன்று செருகினால் பக்கத்துச் சாக்கெட்டை மூடிவிடும். ப்ளக் இறுகப் பிடிக்கிறதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள். எல்லா நாட்டு ப்ளக்கும் போகும் என்கிற சாக்கெட்டுகளில் நம் மூன்று பின் ப்ளக் லொடலொடவென்று ஆடும். நாலு அடாப்டர் சேர்ந்தாலும் கொஞ்சம்தான் இழுக்கும், அதனால் சுமை பற்றிக் கவலை வேண்டாம். தளர்ந்த இணைப்பில் வரும் பொறிக்குத்தான் பயப்பட வேண்டும்.

வாங்கிய பிறகு தரையில் போடாமல் சுவரில் மாட்டுங்கள். வீடு துடைக்கும் தண்ணீர், எறும்பு, பல்லி மூன்றும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஆகாது. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகுவதும் வேண்டாம்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். எதை அணைப்பது?

கேமராவைப் போனில் பார்க்க வேண்டும் என்றால் ஓஎன்டி, ரவுட்டர், ரெக்கார்டர் மூன்றும் ஓடட்டும். டிவி, செட்-டாப் பாக்ஸ், சவுண்ட் பார், பிரின்டர் எல்லாவற்றையும் சுவர் சுவிட்சிலேயே அணையுங்கள். கேமரா இல்லாத வீடு என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போங்கள், ஸ்மார்ட் பாக்ஸையும் சேர்த்து.